பச்சை எரியும்வரை

சிப்பிக்குடித் துறைமுகத்தில் மெட்டில்டா வைத்திருந்த பேட்டரிக் கடையில், அதுவரை படகுப் பேட்டரிகளுக்கு மட்டும் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்த சார்ஜர் மனிதர்களுக்கும் ஏற்றத் தொடங்கியது, தவக்காலம் பிறப்பதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இரவெல்லாம் வலையிழுத்துக் கரையேறிய காஸ்மீர், தன் படகின் பேட்டரியைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, காற்று திரும்பியதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே, சும்மா தொங்கிய கிளிப்புகளில் சிவப்பை வலது கையிலும் கறுப்பை இடது கையிலும் எடுத்துப் பிடித்தார். அதில் பயப்பட ஒன்றும் இல்லை; எதிரே ஒரு பேட்டரி இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சார்ஜர் மின்சாரம் விடும், இல்லாவிட்டால் கிளிப்புகள் இரண்டையும் ஒன்றோடொன்று உரசினாலும் ஒரு பொறி பறக்காது, பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்துக்கென்றே செய்த பெட்டி அது. ஆனால் அன்று அதன் முதல் வரிசையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, உங்கள அது பேட்டரின்னு நெனச்சிட்டு," என்றாள் மெட்டில்டா.

"நெனச்சிட்டுப் போவட்டும். நல்லாத்தான் இருக்கு," என்றார் காஸ்மீர். கையை எடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் சிவப்பு மஞ்சளானது, மதியத்துக்குள் மஞ்சள் பச்சையானது. காஸ்மீர் எழுந்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், வீட்டுக்குப் போய் நான்கு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த கூரையை அடைத்தார், கிணற்றில் தூர் எடுத்தார், அப்புறம் மனைவி பிரகாசியைக் கூப்பிட்டு உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று இருவருமே யாரிடமும் சொல்லவில்லை. பிரகாசிக்கு அந்தப் பெட்டியின் மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான்; கூரையை எவன் வேண்டுமானாலும் அடைப்பான்.

இது ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று சிப்பிக்குடியில் ஒருவரும் கேட்கவில்லை, முதலில் யார் உட்காருவது என்றுதான் கேட்டார்கள். ஊர்க் கமிட்டி ஞாயிறு பூசை முடிந்ததும் கூடி, இரண்டரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசி, ஒரு முடிவுக்கு வந்தது. சார்ஜரில் நான்கு வரிசைகள், ஒன்றின் சங்கதி இன்னொன்றுக்குப் போகாதபடி தனித்தனியாகப் பிரித்து வைத்தவை. அவற்றில் இரண்டு படகுகளுக்கு, இரண்டு ஆட்களுக்கு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள் முதலில், வலைக்குப் போகிறவர்கள் அடுத்து, கமிட்டிக்காரர்கள் கடைசி. பங்குச்சாமியார் பூசை நேரத்தில் மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமைதோறும் தாமே வந்து பச்சை எரியும்வரை உட்கார்ந்துவிட்டுப் போனார். அந்த மாதத்திலிருந்து அவருடைய பிரசங்கம் பாதியாகச் சுருங்கியதில் ஊருக்கு ஏக மகிழ்ச்சி. கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார், வரிசையாக முக்காலியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், இது வீட்டு இணைப்பில் வருமா கடை இணைப்பில் வருமா என்று தலையைச் சொறிந்தார், பிறகு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

கிளிப்பின் பல் தோலில் பதிகிறது என்பதால், கடல் தண்ணீரில் நனைத்த துணிப்பட்டையை மணிக்கட்டில் கட்டி அதன்மேல் கவ்வவிடும் பழக்கம் இரண்டாவது வாரத்தில் வந்தது. வலது மணிக்கட்டில் சிவப்பு, இடதில் கறுப்பு. அவசரத்தில் மாற்றிக் கவ்வவிட்டால் பெட்டி யாரையும் ஒன்றும் செய்யாது, தனக்கும் ஒன்றும் வரவிடாது. ஓரத்தில் உள்ள சின்ன விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, சரியாகப் பிடிக்கிறவரைக்கும் சும்மா இருக்கும். ஊர் பாதிக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று பிரகாசி சொல்லுவாள்.

சிவப்பு எரியும்போது அது முழு பலத்தோடு ஏற்றும். உட்கார்ந்திருக்கிறவனுக்கு உடனே எழுந்து ஓட வேண்டும் போலவும், மாமனாரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருக்கும். மஞ்சளில்தான் நிதானம், குடத்தின் கழுத்துவரை தண்ணீர் வந்ததும் குழாயைச் சன்னமாகத் திறந்துவைப்போமே, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிவரை இறங்கும்படி விடும். நூறு பங்கில் எண்பது சிவப்பிலேயே ஏறிவிடும், மிச்சம் இருபதுக்குத்தான் மஞ்சள் அவ்வளவு நேரம் பிடிக்கும். பச்சை வந்துவிட்டால் பிறகு ஏற்றுவது கிடையாது, ஏறியது குறையாமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது மட்டும்தான். மஞ்சளிலேயே எழுந்து போனவர்கள் சாயங்காலத்துக்குள் துவண்டு விழுந்தார்கள். ஒரு காரியத்தை அரைகுறையாக விட்டவனை "அவன் மஞ்சள்ல எந்திரிச்சவம்லா" என்று சொல்வது ஊரில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது, கல்யாணத் தரகர்வரைக்கும் அதைச் சொன்னார்கள்.

பெட்டி ஊருக்கு உழைத்ததே தவிர, ஊருக்காகத் தன்னை எரித்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறி உடம்பு சுட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தேர்தல் வருகிறது, இரண்டு மடங்காக ஏற்று என்று கமிட்டித் தலைவர் பச்சைக்குப் பிறகும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். கொள்ளுகிற அளவுக்கு மேல் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. குடிகார சில்வேஸ்டரை அது காலையிலிருந்து சாயங்காலம்வரை சிவப்பிலேயே வைத்து ஏற்றிப் பார்த்தது, ஏற ஏற அவனுக்குள் ஒழுகியது, கடைசியில் இதற்குமேல் தள்ளினால் அவனுக்கும் கேடு தனக்கும் கேடு என்று நிறுத்திக்கொண்டு ஓர விளக்கைச் சிமிட்டியது. "உள்ள ஒரு செல் போயிருக்கு. அதச் சரி பண்ணாம எவ்வளவு ஏத்துனாலும் நிக்காது," என்றாள் மெட்டில்டா. சில்வேஸ்டர் கோபித்துக்கொண்டு போய், அந்தக் கோபத்திலேயே இருபது நாள் குடிக்காமல் இருந்துவிட்டு, திரும்பி வந்து மஞ்சள்வரை போனான்.

எல்லோரையும் உட்காரவைத்த மெட்டில்டா மட்டும் ஒருநாளும் உட்காரவில்லை. கேட்டவர்களிடம், கடையை யார் பார்ப்பது என்று சொன்னாள். அது பொய். தன் மணிக்கட்டில் கவ்வவிட்டால் அந்த ஓர விளக்குச் சிமிட்டிவிடும், அதை ஊர் பார்த்துவிடும் என்று அவளுக்குப் பயம். எங்கே நிறுத்த வேண்டும், எதுவரை நிறுத்தக்கூடாது என்று தெரிந்த பெட்டி அது. தான் அது தெரியாமல் போனவள் என்று அவள் நினைத்தாள்.

போன வருடம் ஆடி மாதம் அவளுடைய தங்கை கித்தேரி இதே கடை வாசலில் வந்து நின்றாள். கித்தேரியின் புருஷன் ஜெரோன்சு பைபர் வள்ளத்தை இறக்கிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வள்ளத்தில் வயர்லெஸ்ஸுக்கும் திசைகாட்டும் பெட்டிக்கும் விளக்குக்கும் சேர்த்து ஒரே பேட்டரி, அது சார்ஜரில் இருந்தது.

"எக்கா, மஞ்ச வந்திட்டுல்லா, போதும் குடு. அவிய தண்ணிக்குள்ள நிக்காவ."

மெட்டில்டா விளக்கைப் பார்த்தாள். இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். தங்கை முகத்தைப் பார்த்தாள். கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அன்று இரவு கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. போன வள்ளங்களெல்லாம் ஒன்றையொன்று வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டு ஒதுங்கின, ஜெரோன்சின் குரல் மட்டும் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்த இடத்தில் அறுந்தது. பதினோராம் நாள் வள்ளம் கிடைத்தது, அதில் சொட்டு மின்சாரம் இல்லாத பேட்டரி இருந்தது, ஜெரோன்சு இல்லை. அந்தக் காற்றுக்கு முழுப் பேட்டரியும் ஒன்றுதான், முக்கால் பேட்டரியும் ஒன்றுதான் என்று காஸ்மீர் மூன்று முறை சொன்னார். மெட்டில்டா மூன்று முறையும் தலையாட்டினாள், ஒருமுறைகூட நம்பவில்லை.

காலிச் சவப்பெட்டியை அடக்கம் செய்த அன்று அவள் தங்கையின் கையைப் பிடிக்கப் போனாள். கித்தேரி இரண்டு கைகளையும் சேலைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மெட்டில்டா அந்தத் தெருவுக்குள் போகவில்லை, கஞ்சி காய்ச்சிப் பிரகாசியிடம் கொடுத்தனுப்புவாள், பிரகாசி அதில் முக்கால்வாசியைத் திருப்பிக் கொண்டுவருவாள்.

எட்டு மாதத்தில் கித்தேரி வற்றிப் போனாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கொடுத்தால் வாங்குவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள், உடம்பில் ஒரு வியாதியும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். துணை சுகாதார நிலைய நர்ஸ் எதையும் சுற்றிவளைக்காதவள். இப்படியே போனால் இது ஈஸ்டரைப் பார்க்காது என்று பிரகாசியிடம் நேராகவே சொன்னாள்.

அதனால்தான் குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை காலை, மெட்டில்டாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பிரகாசி கித்தேரியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கடை நடுவில் இறக்கினாள். முக்காலியில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். பிரகாசியே துணிப்பட்டையை நனைத்துக் கட்டினாள், வலதில் சிவப்பு, இடதில் கறுப்பு, கிளிப்புகள் கவ்வின.

ஒரு விளக்கும் எரியவில்லை. சிவப்பு இல்லை, ஓர விளக்கின் சிமிட்டலும் இல்லை.

பெட்டி ரிப்பேர் என்றார்கள். காஸ்மீர் அதே கிளிப்புகளைத் தன் கையில் பிடித்தார், விளக்கு எரிந்தது. திரும்பக் கித்தேரிக்குப் போட்டார்கள், அணைந்தது. யாரோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சாமியாருக்கு ஆள் அனுப்பலாமா என்று மெல்லக் கேட்டார்கள்.

"ஒண்ணும் அனுப்பாண்டாம்," என்றாள் மெட்டில்டா. சுவரோடு சுவராக நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவ இல்லன்னு அது சொல்லல. அவ இருக்கது அதுக்குத் தெரியல. அவ்வளவுதான்."

துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அடியோடு இறங்கிப்போன பேட்டரியைச் சார்ஜர் பேட்டரியாகவே மதிக்காது, எதிரே ஆளில்லை என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கும். அப்போது நல்ல பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஒயரால் சேர்ப்பார்கள். நல்லதைப் பார்த்துச் சார்ஜர் வேலையைத் தொடங்கும், பத்து நிமிஷம் கழித்து நல்லதைக் கழற்றிக்கொள்ளலாம்.

காஸ்மீர் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து கித்தேரியின் கைகளைப் பிடித்தார். சிவப்பு விளக்கு மினுக்கென்று வந்து போனது. இறுக்கிப் பிடித்தார், அப்படியும் வந்து போனது. கித்தேரியின் விரல்கள் நனைந்த நூலாகத் தொங்கின. பிரகாசியும் அங்கே நின்று பிடித்தாள், கூட வந்திருந்த நர்ஸும் பிடித்தாள், அதே கதை.

"பிடி லூசு," என்றார் காஸ்மீர். "இந்தப் பக்கம் மட்டும் பிடிச்சாப் பத்தாது. அவளும் பிடிக்கணும்."

எல்லோரும் மெட்டில்டாவைப் பார்த்தார்கள்.

"அவ என் கையத் தொடமாட்டா மைனி," என்றாள் மெட்டில்டா பிரகாசியிடம்.

"தொடாட்டாப் போறா. நீ வந்து உக்காரு," என்றாள் பிரகாசி.

மெட்டில்டா உப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, தங்கைக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டிக்குப் பயந்தாள், ஊருக்குப் பயந்தாள், எல்லாவற்றையும்விட அந்த இரண்டு கைகளுக்குப் பயந்தாள். மடியில் கிடந்த அவற்றை எடுத்துப் பிடித்தாள். ஓர விளக்குப் படபடவென்று சிமிட்டியது.

கூட்டம் ஐயோ என்றது. இத்தனை வாரமாக எந்தச் சிமிட்டலுக்குப் பயந்தாளோ அதைப் பார்த்ததும் மெட்டில்டா கையை எடுத்துவிடப் பார்த்தாள், அப்போதுதான் கண்ணில் பட்டது: எதிரெதிரே உட்கார்ந்து சும்மா பிடித்தால் இவள் வலது கையில் அவள் இடது கைதான் வரும். இருபது வருடமாக இந்தக் கடையில் ஆயிரம் பேருக்குச் சிவப்புக்குச் சிவப்பு என்று சொன்னவள் தன் தங்கையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"வலதுக்கு வலது," என்றாள். "கித்தேரி, தட்டாமாலைக்குப் பிடிப்பமே, அப்படிப் பிடி."

சின்ன வயதில் கோயிலுக்குப் பின்னால் மணலில் இருவரும் கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்துவைத்து, பின்னால் சாய்ந்து, வானமும் கடலும் ஒன்றாகும்வரை சுற்றுவார்கள். ஒருத்தி கையை விட்டால் இரண்டு பேரும் போய் விழ வேண்டியதுதான். கித்தேரி ஒருநாளும் விட்டதில்லை. மெட்டில்டா ஒருமுறை விட்டாள். கித்தேரியின் முகவாயில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது.

கித்தேரி தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவளுடைய வலது கை வேறு யாருடையதோ போல எழுந்து குறுக்கே வந்தது. அதன்மேல் இடது கை வந்தது. விரல்கள் அக்காவின் விரல்களைத் தேடிக் கோத்துக்கொண்டு, தட்டாமாலைக்குப் பிடிப்பது போலவே இறுகின. சிவப்பு விளக்கு எரிந்தது.

மெட்டில்டாவின் முழங்கைகள் சில்லிட்டன, தனக்குள்ளிருந்து ஏதோ எதிர்ப்பக்கம் இறங்கிப் போவது அவளுக்குத் தெரிந்தது. போகிற அளவுக்குத் தன்னிடம் இன்னும் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பத்து நிமிஷம் கழிந்ததும் காஸ்மீர் சொன்னார்: "லைட்டு நெலையா நின்னுட்டு. நீ கைய எடுத்திரலாம் தங்கச்சி. வச்சிருந்தா ஒனக்குள்ளதயும் இழுத்திரும்."

"இருக்கட்டும்ணே," என்றாள் மெட்டில்டா.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தபோது மஞ்சள் வந்தது. கித்தேரியின் உதட்டில் ஈரம் வந்திருந்தது, கண் திறந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகாசிக்குத் தாங்கவில்லை. "போதும்டி, மொகம் தெளிஞ்சிட்டு, எண்பது பங்கு ஏறிருக்கும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு வாய் கஞ்சி குடுப்பம்," என்றாள். கடைக்காரியின் கை, வெளியே யாராவது அவசரம் என்றால் கிளிப்பைத் தளர்த்தியே பழகிய கை அது; மெட்டில்டாவின் விரல்கள் தம்மை அறியாமல் தளர்ந்தன.

கித்தேரியின் நகங்கள் அவள் தோலில் பதிந்தன.

"எக்கா," என்றாள் கித்தேரி. எட்டு மாதத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "பச்ச வராம கைய எடுக்காத."

"எடுக்கல. எடுக்கல தாயி."

"அன்னைக்கு நாந்தான் எடுக்கச் சொன்னேன்."

"எடுத்தது நாந்தான."

"ஒன் மேல கோவத்துல கைய ஒளிக்கலக்கா. இந்தக் கைதான அந்தப் பேட்டரிய வாங்கிட்டுப் போச்சு. இத எப்படி ஒன்கிட்ட நீட்டுவேன்."

எட்டு மாதமாக ஒரே பாரத்தை இரண்டு பேரும் தனித்தனி வீட்டில் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு தெருதான் இருந்தது.

மஞ்சள் எரிந்துகொண்டே இருந்தது. வெயில் தகரக் கூரையில் ஏறியது, பெட்டி சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, பிரகாசி முறத்தால் அதற்கு விசிறினாள். மூன்று மணிக்குக் காஸ்மீர் எழுந்துபோய்ப் பக்கத்து வரிசையில் ஏறிக்கொண்டிருந்த தன் படகின் பேட்டரியைக் கழற்றினார், பெட்டிக்குப் பாரம் குறையட்டும் என்று. மற்றப் படகுக்காரனும் கழற்றினான். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய வலைப்படகுகள் கிளம்பவில்லை. பேட்டரிகள் மணலில் வரிசையாக இருந்தன, அவற்றுக்குப் பின்னால் ஆட்கள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. போதும் குடு என்று ஒருவரும் சொல்லவில்லை. சிப்பிக்குடிக்குத் தெரிந்தவரை அந்த ஊர் ஒரு விஷயத்துக்கு அவசரப்படாமல் இருந்தது அன்றுதான்.

ஐந்தேகாலுக்குப் பச்சை எரிந்தது.

வெளியே யாரோ சத்தம் போட்டார்கள், பிரகாசி முறத்தைக் கீழே போட்டாள், காஸ்மீர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கித்தேரி முதலில் விளக்கைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"எக்கா, பசிக்கு," என்றாள்.

காலிச் சவப்பெட்டியை மண்ணுக்குள் வைத்த அன்று அழாத மெட்டில்டா அப்போது அழுதாள். கண்ணீர் முகவாயில் இறங்கி, கோத்திருந்த கைகளில் சொட்டியது. துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது, ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.